சர்வரை ‘டேய்’ என்று கூப்பிட்ட வரன்: இதை வைத்து ஆளை எடை போடலாமா?

கேள்வி: பெண் பார்த்து, இரண்டு வீட்டாரும் சம்மதித்த பிறகு, தனியாகப் பேசிப் பார்க்க ஒரு ஹோட்டலில் சந்தித்தோம். என்னிடம் ரொம்பத் தன்மையாகப் பேசினார். நடுவில் சாம்பார் வரத் தாமதமானது. சர்வரைப் பார்த்து, “டேய், காது கேக்கலையா?” என்றார். அடுத்த நொடியே என் பக்கம் திரும்பிச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அப்புறம் எனக்கு மனசு ஒட்டவில்லை. “பசியில் வந்த ஒரு வார்த்தை. இதுக்குப் போய் நல்ல சம்பந்தத்தை விடுவதா?” என்கிறார் அப்பா. இவ்வளவு சின்ன விஷயத்தை வைத்து ஒருவருடைய குணத்தை முடிவு செய்யலாமா?

பதில்:

உங்களுக்கு மனசு ஒட்டாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. அப்பா சொல்கிறார் என்பதற்காக அதைத் துடைத்துப் போட வேண்டாம். அதே சமயம், அந்த ஒரு நாளை வைத்துத் தீர்ப்பும் எழுத வேண்டாம். இரண்டையும் ஏன் சேர்த்துச் சொல்கிறேன் என்று விளக்கக் கொஞ்சம் சுற்றி வர வேண்டியிருக்கிறது.

நான் கல்லூரியில் உளவியல் பாடம் நடத்துகிறவன். அதற்கு முன்னால், படிப்பு முடித்து வேலை கிடைக்காத மூன்று வருடம், திருச்சியில் என் மாமா நடத்திய மெஸ்ஸில் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கேட்கும் விஷயத்தில் பாடப்புத்தகத்தைவிட அந்தக் கல்லா எனக்கு அதிகம் கற்றுக் கொடுத்தது என்று நினைக்கிறேன். ஆனாலும் முதலில் புத்தகக் கதையை முடித்துவிடலாம்.

சர்வரிடம் எப்படி நடந்துகொள்கிறான் என்று பார்த்து ஆளைத் தெரிந்துகொள்ளலாம் என்பது உலகம் முழுக்கச் சொல்லப்படும் விஷயம்தான். அமெரிக்காவில் இதற்கு ‘சர்வர் விதி’ என்றே பெயர். அங்கே இதைப் பிரபலப்படுத்தியவர் ரேதியான் என்ற பெரிய ஆயுத நிறுவனத்தின் தலைவராக இருந்த பில் ஸ்வான்சன். நிர்வாகத்துக்கான விதிகள் என்று அவர் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். உங்களிடம் நல்லவராகவும் சர்வரிடம் கடுமையாகவும் நடக்கிறவர் நல்லவர் இல்லை என்பது அதில் ஒரு விதி. நிறுவனமே அந்தப் புத்தகத்தை இலவசமாக விநியோகித்தது, பத்திரிகைகள் கொண்டாடின. 2006-இல் குட்டு உடைந்தது. அதிலிருந்த விதிகளில் ஏறத்தாழப் பாதி 1944-இல் டபிள்யூ. ஜே. கிங் என்ற பொறியாளர் எழுதிய நூலிலிருந்து எடுத்தவை. சர்வர் விதியும் ஸ்வான்சனுடையது இல்லை. டேவ் பாரி என்ற நகைச்சுவை எழுத்தாளர் அதை முன்பே எழுதியிருந்தார். நிறுவனத்தின் இயக்குநர் குழு ஸ்வான்சனின் சம்பளத்தில் கை வைத்தது. அடுத்தவர் குணத்தைச் சோதிக்க அளவுகோல் கொடுத்தவரின் கதை இப்படி முடிந்தது. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர் சர்வரிடம் நன்றாகவே நடந்திருக்கக்கூடும் என்பதுதான் எனக்கு இதில் சுவாரசியம். ஒரு கிணற்றில் தண்ணீர் நன்றாக இருந்தால் அடுத்த கிணறும் அப்படித்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது இல்லையா?

இதை முதலில் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தவர்கள் ஹியூ ஹார்ட்ஷோர்ன், மார்க் மே என்ற இருவர். 1920-களில், அமெரிக்காவில், பத்தாயிரத்துக்கும் அதிகமான பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியாமலே அவர்களைச் சோதித்தார்கள். பரீட்சையில் காப்பி அடிக்க வாய்ப்பு, காசு எடுக்க வாய்ப்பு, பொய் சொல்ல வாய்ப்பு என்று பலவிதமாக வைத்துப் பார்த்தார்கள். பரீட்சையில் ஏமாற்றிய பிள்ளை காசைத் தொடவில்லை. காசை எடுத்த பிள்ளை விளையாட்டில் நேர்மையாக இருந்தது. ஓரிடத்து நேர்மையை வைத்து இன்னோர் இடத்து நேர்மையை ஊகிக்க முயன்றால் பெரும்பாலும் தப்பாகத்தான் போனது.

இன்னொன்று உங்கள் அப்பாவின் கட்சிக்கு வலு சேர்ப்பது. 1973-இல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் இருவரும் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் 40 மாணவர்களை வைத்துச் செய்த சோதனை. எல்லாருமே பாதிரியாராகப் படிக்கிறவர்கள். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிற்றுரை ஆற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். சிலருக்குக் கொடுத்த தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் உவமை. போகிற சந்தில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமி முனகிக்கொண்டிருந்தார். நடிக்க வைத்த ஆள். அவசரம் இல்லாமல் போனவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். “நேரமாகிவிட்டது, ஓடுங்கள்” என்று விரட்டப்பட்டவர்களில் உதவியவர்கள் 10 சதவீதம். சமாரியன் கதையைப் பேசப் போகிறவர்களில் சிலர் கிடந்தவரைத் தாண்டியே போனார்கள்.

இந்தப் பாடத்தைக் காலையில் நடத்திவிட்டு அதே நாள் மத்தியானம் நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் சமையல் இல்லை. ஆன்லைனில் சாப்பாடு சொல்லியிருந்தோம். சித்திரை வெயிலில் மூன்று மாடி ஏறி வந்த பையன் வாசலில் நின்றான். நான் போனில் பேசியபடியே கதவைத் திறந்து, பொட்டலத்தை வாங்கி, முகத்தைப் பார்க்காமல் சாத்திவிட்டேன். “அந்தத் தம்பி தண்ணி கேக்க வாயெடுத்துச்சு” என்றாள் மனைவி. பால்கனிக்குப் போய்ப் பார்ப்பதற்குள் வண்டி தெருமுனை தாண்டிவிட்டது. அந்த ஐந்து வினாடியை மட்டும் வீடியோ எடுத்து யாராவது என்னை எடை போட்டிருந்தால், எனக்குப் பதில் சொல்ல வாய் இருக்காது.

சரி, அப்படியானால் ஒரு நாள் நடத்தைக்கு மதிப்பே இல்லையா? அப்படியும் இல்லை. 1979-இல் சேமூர் எப்ஸ்டைன் என்ற உளவியலாளர் இதற்கு நல்ல பதில் கொடுத்தார். ஒரு தடவை நடந்ததை வைத்து அடுத்த தடவையைச் சொல்ல முடியாது. பல நாள் கவனித்துக் கூட்டிப் பார்த்தால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெளிவாகவே தெரிகிறது, அது நிலைத்தும் நிற்கிறது. நம் வீடுகளில் ‘பழகிப் பார்’ என்று சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் அவர் எண்களில் காட்டினார்.

இனி மெஸ்ஸுக்கு வருவோம்.

அங்கே எங்களிடம் இருந்த சப்ளையர்களில் மூத்தவருக்கு வயது அறுபதை ஒட்டி இருக்கும். எல்லாருக்கும் அவர் ‘பெரியவர்’. ஒரு கையில் சாம்பார் வாளி, மறு கையில் ரசம். சாப்பிட வருகிறவர்களை அவர் கணிக்கும் விதத்தை நான் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். இலையை எந்தப் பக்கம் மடிக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டே இல்லை. “தண்ணி கேக்குறதுல தெரிஞ்சுபோகும் தம்பி” என்பார். சிலர் நிமிர்ந்து அவரைத் தேடி, கண் பட்டதும் “அண்ணே, தண்ணி” என்பார்கள். சிலர் சாப்பிடுவதை நிறுத்தாமல், தலையைத் தூக்காமல், காலி டம்ளரை மேசையில் டொக் டொக் என்று தட்டுவார்கள். அப்படித் தட்டுகிறவர்களுக்கும் அவர் ஓடித்தான் போவார். ஆனால் அந்தப் பக்கம் அப்பளம் இரண்டாவது தடவை போகாது. அவரால் முடிந்த நீதி அது.

தட்டுகிறவர்களில் ஒருவர் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர். தினமும் மத்தியானம் வருவார். பெரியவரை “வாடா, போடா” என்பார். பெரியவர் அவரைவிடப் பத்து வயதாவது மூத்தவர். எதிர் மேசையில் சாப்பிட்டவர் ஒரு சீட்டு ஏஜெண்ட். அவர் வாயைத் திறந்தால் தேன். எல்லாரும் அண்ணே, எல்லாரும் ஐயா. கிளீனர் பையனிடம்கூட “சாப்டியா தம்பி?” என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். பற்று நோட்டில் பதினொரு மாதக் கணக்கு வைத்துவிட்டு ஒருநாள் காணாமல் போனார். மாமாவின் பணம் போனது பெரிதில்லை. பெரியவரிடமும் தனியாகக் கைமாற்று வாங்கியிருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மரியாதை அவருக்குத் தொழில்முதல்.

அதே வருடம் பெரியவரின் மகளுக்குப் பிரசவத்தில் சிக்கல். விஷயம் கேள்விப்பட்ட லாரிக்காரர், யாரும் கேட்காமலே, சட்டைப் பையிலிருந்து எடுத்து எண்ணாமல் கொடுத்தார். திருப்பியும் கேட்கவில்லை. “வாய்தான் கரடுமுரடு, மனசு தங்கம்” என்றுதான் எங்கள் மெஸ் முழுக்கப் பேச்சு. நானும் அப்படித்தான் நினைத்தேன். பெரியவர் மட்டும் அந்தப் பேச்சில் சேரவில்லை. ஒருநாள் கடை கட்டும் நேரத்தில் சொன்னார்: “பணம் குடுத்தாரு, சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா இன்னும் டம்ளரைத் தட்டுறாரு, பாத்தீங்கல்ல?”

அந்த வார்த்தையை நான் வெகுநாள் அசைபோட்டேன். லாரிக்காரரிடம் இரக்கம் இருந்தது. ஏஜெண்டிடம் இனிமை இருந்தது. இரண்டு பேரிடமும் இல்லாத ஒன்றைத்தான் பெரியவர் தேடிக்கொண்டிருந்தார். எதிரில் நிற்பவன் தனக்குச் சமமான ஆள் என்ற நினைப்பு. இரக்கம் மேலேயிருந்து கீழேயும் பாயும். அதற்குச் சமம் என்ற நினைப்பு தேவையில்லை. ஏஜெண்டின் இனிமையில் சமத்துவம் இருந்தது போலத் தெரிந்தது. பெரியவரின் சேமிப்பைக் கரைத்தபோதுதான் அது எவ்வளவு என்று தெரிந்தது.

அதனால் என் கணக்கு இது. இந்தச் சின்ன மரியாதைகள் மொத்தக் குணத்தையும் அளக்காது. நேர்மையை அளக்காது, தைரியத்தை அளக்காது, கொடைக்குணத்தைக்கூட அளக்காது. தன்னைத் திருப்பிக் கேட்க முடியாத ஒருவரை ஆளாக மதிக்கிறாரா என்ற ஒன்றைத்தான் காட்டும். அதிலும் ஒரு பக்கத்தைத்தான் நம்பலாம். தொடர்ந்து மரியாதை இல்லாமல் நடக்கிறவரைப் பற்றி அது சொல்வது பெரும்பாலும் உண்மை. மரியாதையாக நடக்கிறவரைப் பற்றி அது சொல்வதற்கு உத்தரவாதம் கிடையாது.

வள்ளுவர் இந்த இடத்தில் கெட்டிக்காரர். ‘பெருமைக்கும் ஏனைச் சிறுமைக்கும் தத்தம் கருமமே கட்டளைக் கல்’ என்ற குறளை (505) நாம் எல்லாரும் மனப்பாடம் செய்தவர்கள். கட்டளைக்கல் என்றால் பொன்னை உரைத்துப் பார்க்கும் உரைகல். அடகுக் கடையில் மதிப்பீட்டாளர் உரைப்பதை நின்று பார்த்திருக்கிறீர்களா? நகையை நேராகக் கல்லில் தேய்த்துப் பார்ப்பதோடு விட்டுவிட மாட்டார். சந்தேகம் இருந்தால், கண்ணில் படாத ஒரு மூலையில் அரத்தால் லேசாகச் சுரண்டி, அந்த இடத்தைத்தான் உரைப்பார். ஏனென்றால் மேலோட்டமாக உரைத்தால் முலாமும் தங்கம் மாதிரிக் கோடு போடும். அப்புறம் அந்தக் கோட்டின் மேல் ஒரு சொட்டு ஆசிட். சீட்டு ஏஜெண்டை நாங்கள் பதினொரு மாதம் மேலாக உரைத்துக்கொண்டிருந்தோம். அதே வள்ளுவர் அடுத்த அதிகாரத்தில், ‘எனைவகையான் தேறியக் கண்ணும் வினைவகையான் வேறாகும் மாந்தர் பலர்’ (514) என்கிறார். எப்படியெல்லாம் சோதித்துத் தேர்ந்தெடுத்தாலும், பொறுப்பைக் கையில் கொடுத்ததும் மாறிப் போகிறவர்கள் நிறையப் பேர் என்று. இந்த இரண்டாவது குறளை மேடையில் அதிகம் யாரும் சொல்வதில்லை.

இப்போது உங்கள் கேள்வியில் இருக்கும் அந்த ஒரு சொல்லுக்கு வருகிறேன். ‘டேய்.’

பல மொழிகளில் மரியாதையைக் காட்ட ‘தயவுசெய்து’, ‘நன்றி’ மாதிரி தனிச் சொற்களைச் சேர்க்க வேண்டும். தமிழில் அப்படி இல்லை. வினைச்சொல்லின் வாலிலேயே அது உட்கார்ந்திருக்கிறது. வா, வாங்க. குடு, குடுங்க. எதிராளியை எங்கே வைத்திருக்கிறோம் என்று அறிவிக்காமல் ஒரு ஏவல் வாக்கியம்கூட நம்மால் பேச முடியாது. அதனால்தான் தமிழர்கள் சாதாரண நாளில் ‘நன்றி’ சொல்வது குறைவு. வீட்டுக்குள் சொன்னால் வினோதமாகக்கூடத் தோன்றும். நம் மரியாதை ‘வாங்க’விலும் ‘சாப்டாச்சா’விலும் ‘போயிட்டு வர்றேன்’னிலும் இருக்கிறது.

ஆனால் ஒருமை என்றாலே அவமரியாதை என்று எடுத்துக்கொண்டால் மோசம் போவோம். அம்மாவை ‘நீ’ என்கிறோம், சாமியை ‘நீ’ என்கிறோம். நெல்லைப் பக்கம் ‘ஏலே’ என்பதில் எவ்வளவு நேசம் இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களைக் கேளுங்கள். கோவைப் பக்கம் எதற்கெடுத்தாலும் ‘ங்க’ வரும். அதே மேற்கு மாவட்டங்களில்தான் டீக்கடைகளில் இரட்டைக் குவளை வைத்திருப்பதாக நெடுங்காலம் புகார்கள் வந்தன. பொது உணவகத்தில் சாதி பார்த்துப் பாத்திரத்தைப் பிரித்து வைப்பது, தீண்டாமைக்கு எதிரான 1955-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே குற்றம். ஆக, ‘ங்க’ போட்டுப் பேசிக்கொண்டே தனி டம்ளரை நீட்டவும் மனிதனுக்கு முடியும். இன்றைக்குச் சென்னை அடுக்குமாடிகளில், வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் இனிக்க இனிக்கப் பேசுகிற வீட்டில், அவருக்கென்று ஒரு தம்ளர் சிங்க்குக்குக் கீழே கவிழ்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர் லிஃப்டில் ஏறக் கூடாது என்ற அறிவிப்பையும் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் எதை வைத்துப் பிரிப்பது? நான் வைத்திருக்கும் வழி எளிது. அந்தச் சொல்லை எதிராளியால் திருப்பிச் சொல்ல முடியுமா? சிநேகிதன் ‘டேய்’ என்றால் நீங்களும் ‘போடா’ என்பீர்கள். அங்கே ஒன்றும் இல்லை. சர்வர் திருப்பி ‘டேய்’ என்றால் அவருக்கு வேலை போகும். கிராமத்தில் பண்ணை வீட்டுப் பத்து வயதுப் பையன், தாத்தா வயதுள்ள கூலிக்காரரைப் பெயர் சொல்லி ‘வா’ என்று கூப்பிட்ட காலம் ஒன்றும் வெகுதூரத்தில் இல்லை. பெரியார் தம்மைப் பார்க்க வரும் சின்னப் பையன்களையும் ‘வாங்க, போங்க’ என்றே அழைத்தார் என்று அவரோடு பழகிய பலர் பதிவு செய்திருக்கிறார்கள். அதை அவருடைய பழக்கம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. அது அவருடைய அரசியல்.

ஆகவே அன்றைக்கு ஹோட்டலில் அந்த வரன் கோபப்பட்டதை நான் பெரிதாக எடுக்கவில்லை. பசியில் யாருக்கும் எரிச்சல் வரும். “எவ்வளவு நேரங்க, சாம்பார் கொண்டு வாங்க” என்று எரிந்து விழுந்திருந்தால், அப்பா சொல்வது சரி, விட்டுவிடலாம் என்பேன். எரிச்சல் வந்ததும் எந்தச் சொல் தயாராக நாக்கில் நின்றது, அடுத்த நொடி உங்களிடம் எவ்வளவு சுலபமாகச் சிரிப்புக்குத் திரும்ப முடிந்தது, இந்த இரண்டும்தான் என்னை நிறுத்துகின்றன. கோபம் வந்தவனுக்கு முகம் மாறக் கொஞ்ச நேரம் ஆகும். அவருக்கு ஆகவில்லை. நீங்களும் அந்தச் சிரிப்பைத்தானே குறிப்பிட்டு எழுதியிருக்கிறீர்கள்?

உங்கள் விஷயத்தில் இந்தச் சோதனைக்கு நான் ஏன் கூடுதல் மதிப்புக் கொடுக்கிறேன் என்றால், நீங்கள் ஆள் பார்ப்பது கல்யாணத்துக்கு. கல்லாச் சாவியை ஒப்படைக்க ஆள் தேடினால், சர்வரிடம் எப்படி நடந்தார் என்பதைவிடப் பழைய கணக்கு நோட்டைத்தான் பார்க்கச் சொல்வேன். வீடு வேறு. பெரும்பாலான வீடுகளில் கல்யாணமாகி ஆறு மாதத்தில் சாம்பார் கிண்ணம் யார் கையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு நீங்கள் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கும் விருந்தாளி. விருந்தாளிக்கு எல்லாரும் நல்லவர்கள். நாளைக்கு நீங்கள் நிற்கப்போகும் இடத்தில் இன்றைக்கு யார் நிற்கிறாரோ, அவரிடம் எப்படிப் பேசுகிறார் என்பது உங்களுக்கு நேரடியாகத் தேவைப்படும் தகவல்.

அதனால் மறுபடி பாருங்கள். ஒன்றிரண்டு தடவை, வேறு வேறு இடத்தில். பொறி வைக்க வேண்டாம். அலுவலகங்களில் சிலர் இந்தப் பொறி விளையாட்டு ஆடுகிறார்கள். 2019-இல் ஆஸ்திரேலியாவில் டிரென்ட் இன்ஸ் என்ற நிறுவனத் தலைவர், நேர்காணலுக்கு வருகிறவர்களுக்குக் காபி கொடுத்து, குடித்த கோப்பையை அவர்களே சமையலறைக்கு எடுத்துப் போகிறார்களா என்று பார்ப்பதாகச் சொன்னார். எடுத்துப் போகாதவருக்கு வேலை இல்லையாம். உலகம் முழுக்கப் பரவிய செய்தி. அதை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். விருந்தாளி டம்ளரைத் தூக்கினாலே “ஐயையோ, வைங்க, வைங்க” என்று பிடுங்குகிற வீடுகளில் வளர்ந்தவன், ஆபீஸில் அதைத் தூக்கிக்கொண்டு எங்கே போவான்? அடுத்தவர் சமையலறைக்குள் நுழைவதே நமக்கு மரியாதைக் குறைவு. அந்தச் சோதனையில் குணத்தைவிட ஊர்ப்பழக்கம்தான் அதிகம் தெரியும். செய்தி வெளியான மறுநாளிலிருந்து அதுவும் தெரியாது. எல்லாரும் கோப்பையைத் தூக்குவார்கள்.

நீங்கள் பார்க்க வேண்டிய இடம் தானாகவே வரும். அவர் வீட்டுக்குப் போகிறபோது, அவருடைய அம்மாவிடம் தண்ணீர் எப்படிக் கேட்கிறார் என்று கவனியுங்கள். ‘தண்ணி’ என்று ஒற்றைச் சொல் போய் டம்ளர் வருகிறதா, எழுந்து போய் எடுத்துக்கொள்கிறாரா? வாட்ச்மேனைக் கடக்கும்போது தலை அசைகிறதா? ஆட்டோவுக்குப் பணம் கொடுக்கும்போது கையில் வைக்கிறாரா, சீட்டில் போடுகிறாரா? சில்லறையைக் கையில் வைக்காமல் மேலேயிருந்து போடுவதற்கு இந்த நாட்டில் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. தண்ணீரை உயரத்திலிருந்து குவித்த கையில் ஊற்றிய அதே வரலாறு. போடுகிறவருக்கு அது தெரியாமலேகூட இருக்கலாம். கை பழகியிருக்கும்.

எல்லாவற்றையும்விட நல்ல இடம் முகூர்த்தப் பட்டு எடுக்கப் போகும் நாள். பேச்சு அதுவரை போனால்தான். இரண்டு வீட்டிலுமாகப் பன்னிரண்டு பேர், மூன்று மணி நேரம், ஒரே ஒரு விற்பனைப் பெண். அறுபது புடவையை விரித்துப் போட்டுவிட்டு ‘இன்னும் காட்டும்மா’ என்பார்கள். அந்தப் பெண் காலையிலிருந்து நிற்கிறவள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018-இலும் தமிழ்நாடு 2021-இலும் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. ‘உட்காரும்மா’ என்ற ஒரு சொல்லுக்குச் சட்டப் பிரிவு தேவைப்பட்டது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. சட்டம் வந்த பிறகும் முக்காலி காலியாகவே கிடக்கும் கடைகள் உண்டு. வாடிக்கையாளர் முன்னால் உட்காரக் கூசுகிறார்கள். அந்த மூன்று மணி நேரத்தில் அவசரம், பசி, பணக் கவலை, அத்தை சித்தி பூசல் எல்லாம் சேர்ந்து வரும். பிரின்ஸ்டன் மாணவர்களுக்கு வைத்ததைவிடக் கடினமான சோதனை. அதில் அவரைப் பாருங்கள், அவர் வீட்டாரைப் பாருங்கள். உங்கள் அப்பாவையும் பாருங்கள், தப்பில்லை.

அதற்கெல்லாம் நேரம் இல்லை, அடுத்த வாரமே பதில் சொல்லியாக வேண்டும் என்றால், சுருக்கு வழி ஒன்று உண்டு. அவரிடமே கேட்டுவிடுங்கள். குற்றம் சாட்டுகிற குரலில் வேண்டாம், சாதாரணமாக. “அன்னைக்கு அந்த சர்வரை ஏன் அப்படிக் கூப்பிட்டீங்க?” என்று. “ஆமாங்க, தப்புதான், எனக்கே அப்புறம் ஒரு மாதிரி இருந்துச்சு” என்று சொன்னால், அது பூசி மெழுகுகிற பேச்சா உண்மையா என்று உங்களுக்கே தெரியும். “அவங்களை அப்படிக் கூப்பிட்டாத்தான் வேலை நடக்கும்” என்றால், அதுவும் ஒரு பதில்தான். ஒளிக்காமல் சொல்கிறார், மேற்கொண்டு பேசிப் பார்க்கலாம். நான் பயப்படுவது மூன்றாவது பதிலுக்கு. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, உண்மையாகவே நினைவு வராமல், “எந்த சர்வர்?” என்று கேட்டார் என்றால், அதை அப்படியே அப்பாவிடம் போய்ச் சொல்லுங்கள்.